பக்க இலக்கம் போட்டு எழுதுங்கோ

‘மண்வாசனை வீசும் நாவல்.’ வன்னியைப் பற்றி யார் எழுதினாலும் முகநூலில் முதல் வந்து விழும் வரி இதுதான். எந்த மண்? முல்லைத்தீவுக் கரையில் மணல். குளத்துக்குக் கீழே வயலில் களி. மேட்டுக் காணியில் செம்மண். அட்டையை மட்டும் பார்த்தே எழுதிவிடலாம் இந்த வரியை. வெளியீட்டு விழா நயவுரைகளைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதே வாய் வந்துவிட்டது. அங்கே பேசுகிற பலருக்குப் புத்தகம் கைக்கு வருவதே முதல்நாள் பின்னேரம்.

பாராட்டு இனிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாவலைப் பற்றி நீங்கள் எழுதும் கருத்தில், அதை எழுதினவனுக்கு உதவுவது பக்க இலக்கம். பென்சிலோடு வாசியுங்கோ. எங்கே சலித்து மூடிவைத்தீர்கள், எங்கே ‘இது ஆர்?’ என்று முன்பக்கம் புரட்டினீர்கள், எந்த உரையாடல் உங்கள் ஊர் வாயில் வராதது, அந்த இடங்களின் ஓரத்தில் ஒரு கோடு போதும். இரண்டு நாள் ஆறவிட்டு எழுதுங்கோ. கதைச் சுருக்கம் நாலு வரி, முடிவு வேண்டவே வேண்டாம். 1973இல் வந்த பாலமனோகரனின் வன்னி நாவலான ‘நிலக்கிளி’யோடு ஒப்பிடாமல் இருக்க முடியாதென்றால், அதில் வரும் தண்ணிமுறிப்புக் காட்டை ஒப்பிடுகிறீர்களா, ஆட்களின் பேச்சையா என்றாவது சொல்லுங்கோ.

வன்னி ஆக்களுக்கு மட்டும் பிடிபடும் பிழைகள் உண்டு. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வது, அதாவது மிகை நீர் வெளியேறுவது, மாரி மழைக்கு. நாவலில் நல்ல வெயில் காலத்தில் பாய்ந்தால், அதற்கு மேல் அந்தக் கதையை எப்படி நம்புவது? ஆனியில் பழுக்கும் பாலைப்பழத்தை மார்கழியில் பிள்ளைகள் உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்றாலும் அதே கதிதான். மாரி மழையில் விளையும் காலபோக நெல்லின் அரிவி வெட்டு தை, மாசியில். ஆவணியில் வெட்டுகிறார்கள் என்றால் அது கோடையில் செய்யும் சிறுபோகம் என்று ஒரு சொல்லாவது இருக்கவேண்டும்.

சில பிழை எழுதினவனுடையதே அல்ல. ‘தாய் இரவிரவாக மகனோடு கதைத்தாள்’ என்ற வரியை எங்கள் தமிழ் பழகாத ஒருவர் மெய்ப்புப் பார்க்கும்போது ‘பேசினாள்’ என்று திருத்திவிடுவார். எங்களிடம் ‘பேசினாள்’ என்றால் ஏசினாள். பாசமான காட்சி சண்டையாகிவிடும். ‘குளம் வான் பாயுது’ என்பதில் ‘வான்’ வானமாக மாறின கூத்தும் நடக்கலாம். அப்படி ஒரு வரி இடறினால் அந்த வரியையே எடுத்துப் போடுங்கோ. மொழி சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால் எதைத் திருத்துவது?

இன்னொன்று, புத்தகம் கட்டின விதம். அச்சுத் தாள்களை 16 பக்கப் பாரங்களாக மடித்துக் கட்டும் புத்தகத்தில் ஆறாவது பாரம் 96ஆம் பக்கத்தோடு முடியும். ஏழாவது விடுபட்டால் அடுத்து வருவது 113. சிலவேளை ஆறாவதே இரண்டு தரம் இருக்கும். ‘கதை திடீரென்று தாவுகிறது, புதிய உத்தி’ என்று எழுதமுன் பக்க இலக்கத்தைப் பாருங்கோ. வாங்கின கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு என்பதையும் குறிப்பிடுங்கோ. ஒரு சொல்லை மாற்றினால் பக்கம் அசையாது, ஒரு பந்தி கூடினால் பின்னால் எல்லாம் தள்ளிப்போகும்.

பாதியில் விட்டவர்களும் எழுதலாம். ‘140இல் விட்டேன், மூன்றாவது இடப்பெயர்வும் முதலாவது போலவே இருந்தது’ என்பது முழுதும் வாசித்ததாகப் பாவனை செய்யும் பத்துப் பந்தியைவிடப் பெறுமதி. எழுத்துப்பிழைப் பட்டியலை மட்டும் எழுதினவனுக்கு உள்பெட்டியில் அனுப்புங்கோ. அடுத்த அச்சுக்குக் கோப்பு போகமுன் கிடைத்தால்தான் அதைக் கொண்டு ஏதும் செய்யலாம்.