கையில் போன் வைத்திருந்த அந்தப் பெண் இயக்குநர்தான்

ஞாயிற்றுக்கிழமை நம் திரைப்படக் குழுவில் '1489' என்ற ஆவணப்படத்தின் திரையிடல் முடிந்ததும் நடந்த பேச்சு இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. வராதவர்களுக்காக, ஒருவர் சொன்னது இது: "இது படமே இல்லை. துக்க வீட்டில் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்." இந்தப் பேச்சை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. சொன்னவர் நான் மதிக்கிறவர். அவரிடம்தான் சினிமா பார்க்கவே கற்றுக்கொண்டேன்.

அந்தப் படத்தை எடுத்த ஷோகாகாத் வர்தான்யான் இயக்குநர்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆர்மீனியப் பெண். பியானோ கலைஞர். 2020 செப்டம்பர் 27 அன்று, ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிக்கொண்ட மலைப்பகுதியான நகோர்னோ கராபாக்கில் போர் வெடித்தது, 44 நாள் நீடித்தது. அவருடைய தம்பி சொகோமோனுக்கு 21 வயது. மாணவன், இசைக்காரன், கட்டாய ராணுவச் சேவை முடியும் தறுவாயில் இருந்தவன். போரின் ஏழாம் நாள் காணாமல் போனான். அக்கா போனை எடுத்து, தன்னையும் தன் பெற்றோரையும் படம் பிடிக்கத் தொடங்கினார். '1489' என்பது அடையாளம் தெரியாத உடல் எச்சங்களுக்குப் போடப்பட்ட எண். அந்த எச்சங்கள் தம்பியுடையவை. அதையே படத்துக்குத் தலைப்பாக வைத்தார். 2023 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த இட்ஃபா ஆவணப்பட விழாவின் சர்வதேசப் போட்டியில் அதுதான் சிறந்த படம்.

போனைத் தூக்கிப் பிடிப்பது யாராலும் முடியும், சரி. அப்பா அம்மா காத்திருக்கிற வீட்டில் எந்த நிமிடம் அதை எடுப்பது, எப்போது கீழே வைப்பது, அப்புறம் அத்தனையும் திரும்பத் திரும்பப் பார்த்து எதை வெட்டுவது? காணாமல் போனது சொந்தத் தம்பி. அந்தத் துக்கத்தை 76 நிமிடப் படமாக்கியவரை இயக்குநர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

"தம்பி சாவை வைத்து விருது வாங்கினாள்" என்று பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்ததே, அதற்காக ஒன்று சொல்ல வேண்டும்.

என் அப்பாவின் கடைசி வாரம். மருத்துவமனை வார்டில் அவர் விரல்களால் போர்வை நுனியை மடித்துக்கொண்டே இருந்தார். முப்பது வருடம் துணிக்கடையில் துணி மடித்த கை. நான் போனை எடுத்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். "பெத்த அப்பன் கிடக்கிற நேரத்துல படம் பிடிக்கிறியா?" வார்டே திரும்பிப் பார்த்தது. போனைப் பையில் போட்டேன், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது நாற்பது விநாடி. அதில் அப்பாவின் குரல் இல்லை. அந்த வெட்கத்தைத் தாண்டி வர எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வரவில்லை. ஷோகாகாத்துக்கு வந்தது.

"ஒரே ஒரு படம்தானே, அதற்குள் இயக்குநரா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. முதல் படம் எடுத்த ஆண்களை இதே குழு எப்படிக் கொண்டாடியது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அனுதாப விருது என்கிறார்கள். விழாவுக்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் கராபாக்கை விட்டு வெளியேறியிருந்தார்கள். நடுவர்கள் மனதில் அது இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் போனை எடுத்த நாளில் விருதும் இல்லை, விழாவும் இல்லை, தம்பி உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது.

போரின் மறுபக்கத்துத் தாய்மார்களைப் பற்றி அன்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அஜர்பைஜானிலும், இதே கராபாக்குக்காகத் தொண்ணூறுகளில் நடந்த போரில் காணாமல் போனவர்களை இன்னும் தேடுகிறார்கள், ஆயிரக்கணக்கில். அங்கிருந்து ஓர் அக்கா இப்படி ஒரு படம் எடுத்தால் அதற்கும் முதல் ஆளாக வந்து உட்காருவேன். அதற்காக இந்த அக்காவை இயக்குநர் இல்லை என்று ஆக்க வேண்டுமா?

இதைச் சொல்லும்போது அரோரா மார்டிகேனியன் ஞாபகம் வருகிறார். ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்களுக்கு நடந்த 1915 இனப்படுகொலையில் குடும்பத்தை இழந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஆர்மீனியச் சிறுமி. 1919-இல் ஹாலிவுட் அவர் கதையைப் படமாக்கி, அவரையே அவராக நடிக்கவும் வைத்தது. தான் தப்பி வந்த கொடுமையைக் கேமரா முன்னால் மறுபடி வாழ வேண்டியிருந்தது. படப்பிடிப்பில் கால் எலும்பு முறிந்தும் வேலை நிற்கவில்லை. அந்தப் படத்தில் இன்று மிஞ்சியிருப்பது சில துண்டுகள்தான். இன்னா சஹாக்யான் என்ற இன்னொரு ஆர்மீனியப் பெண் இயக்குநர் அந்தத் துண்டுகளோடு, அரோரா முதுமையில் கொடுத்த பேட்டியையும் சேர்த்து 2022-இல் அனிமேஷன் ஆவணப்படம் எடுத்தார். அரோராவின் துக்கத்தை அடுத்தவர்கள் படமாக்கினார்கள். நூறு வருடம் கழித்து ஒரு பெண் தன் வீட்டுத் துக்கத்தைத் தானே படமாக்குகிறார். அதைத்தான் நம் கூட்டத்தில் "படமே இல்லை" என்றார்கள்.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் அன்று நீங்கள் பேசி முடித்ததும் கைதட்டினார்கள் பாருங்கள், அப்போது எழுந்து பேச எனக்கு நா எழவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்குக் கையைத் தட்டிவிட்ட அத்தை இப்போது வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் போனைக் கேட்டு வாங்கி அந்த நாற்பது விநாடியைப் பார்க்கிறார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடச் சொல்கிறார்.