அக்காவின் பிளாஸ்கில் இருந்த கிறீன் ரீ

பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்களில் பலருடைய கையில் இப்போது ஒரு பிளாஸ்க் இருக்கிறது. உள்ளே கிறீன் ரீ. என் அக்காவும் ஒரு வருடமாக அப்படித்தான் நடந்தார். காலையில் எழும்பியதும் ஒரு கோப்பை, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு ஒன்று, கடற்கரையில் இரண்டு. "உடம்பில கிடக்கிற கழிவெல்லாம் போகுதடா, நீயும் குடி" என்பார்.

போன மாதம் பத்திரகாளி அம்மன் கோயிலில் பூசை முடியும்வரை நிற்க முடியாமல், தலை சுற்றி, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் இருக்கா?" என்பது. "தேத்தண்ணி இல்ல டொக்டர், கிறீன் ரீ" என்று அக்கா பெருமையோடு சொன்னார். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு கனத்துவிட்டது. அக்கா கெட்டிக்காரி, படித்தவர். அவரே இரண்டும் வேறு வேறு என்றுதான் நம்பியிருந்தார்.

இரண்டும் ஒரே செடி. மலையகத்தில் பறிக்கும் அதே கொழுந்து. பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டினால், இலையைக் கறுக்க வைக்கும் நொதியம் வேலை செய்யாமல் நின்றுவிடும். நிறம் பச்சையாகவே இருக்கும். அதையே வதங்க விட்டு, உருட்டி, காற்றுப்பட வைத்துக் காயவைத்தால் நாம் குடிக்கும் சாயத் தேயிலை. 1867இல் லூல்கந்துரையில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் நட்டதும் இந்தச் செடியைத்தான். கிறீன் ரீயில் கற்றச்சின் என்ற பொருள் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. காற்றுப்படும்போது அதில் பெரும்பகுதி வேறு பொருட்களாக மாறிவிடுகிறது. கபீன் பச்சையிலும் உண்டு, சாயத் தேயிலையைவிடப் பொதுவாகக் கொஞ்சம் குறைவு. "கிறீன் ரீயில கபீன் இல்ல" என்று நம்பி இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு நித்திரை வரவில்லை என்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இப்போது அக்காவின் இரத்தத்துக்கு வருகிறேன். இரும்புச்சத்தில் இரண்டு வகை உண்டு. மீன், இறைச்சியில் இருப்பதில் ஒரு பங்கை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். தேநீர் அதை அவ்வளவாகத் தடுக்காது. கீரை, பருப்பு, கடலையில் இருப்பது அப்படியில்லை. தேநீரில் உள்ள கற்றச்சின் போன்ற பொலிபீனோல்கள் குடலுக்குள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு அதில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். அக்கா ஒரு நேர்த்திக்காகப் போன வருடம் மீனை விட்டவர். கடலை ஒட்டி வாழ்ந்தும் வீட்டில் மரக்கறிதான். முருங்கை இலை, வல்லாரை, பருப்பு என்று நல்ல சாப்பாடுதான் சாப்பிட்டார். சாப்பிட்ட சூட்டோடு மேலே கிறீன் ரீயை ஊற்றினார். அதைவிட மோசம், கிளினிக்கில் முன்பு கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கியதும் கிறீன் ரீயோடுதான். இரத்தம் குறைய வேறு காரணங்களும் இருந்தன என்று டொக்டர் சொன்னார், எல்லாப் பழியையும் தேயிலை மேல் நான் போடவில்லை. ஆனால் அவர் சொன்ன மாற்றம் சின்னது: சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள், கீரையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள். தேசிக்காயில் உள்ள விற்றமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும். இதை யாராவது ஒருவர் ஒரு வருடத்துக்கு முன் அக்காவிடம் சொல்லியிருக்கலாம்.

கழிவு போகிற கதைக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் பிறந்த நாள் முதல் செய்துகொண்டிருக்கின்றன.

அடுத்தது மெலிவது. இதில்தான் நம் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கொக்ரேன் என்ற அமைப்பு, உடல் எடைக்கும் கிறீன் ரீக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டது. குறைந்த எடை மிகச் சொற்பம், உடல்நலத்துக்குப் பயன்படும் அளவு இல்லை. அப்படியானால் "நான் குடிச்சு மூன்று கிலோ குறைஞ்சனே" என்று நிறையப் பேர் சொல்வது பொய்யா? இல்லை. அவர்கள் முன்பு குடித்த பிளேன்ரீயைக் கணக்கெடுங்கள். நாளுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. பத்துக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராம், 160 கலோரி. கிறீன் ரீயைச் சீனி போடாமல் குடிக்கிறார்கள், கூடவே நடக்கிறார்கள். அந்தப் பிளேன்ரீயையே சீனி இல்லாமல் குடித்திருந்தாலும் குறைந்திருக்கும். காசும் மிச்சம்.

கோப்பையில் குடிப்பதை விட எனக்கு உண்மையில் பயம் தருவது குளிசை வடிவில் வருகிறதுதான். கட்டாரில் இருந்து மச்சான் ஒருவர் கொழுப்பைக் கரைக்கும் என்று ஒரு போத்தல் அனுப்பியிருந்தார். பல கோப்பைத் தேநீரில் உள்ளதை இறுக்கி ஒரு கப்சியூலுக்குள் வைத்திருக்கிறார்கள். EGCG என்ற கற்றச்சின் வகை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இப்படிக் குளிசையாக உள்ளே போனால் ஈரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது. வெறும் வயிற்றில் போடுவது இன்னும் ஆபத்து. அந்தப் போத்தலை நான் திறக்க விடவில்லை. உங்கள் வீட்டிலும் இருந்தால் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டாமல் தொடாதீர்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி கிறீன் ரீ குடிக்கத் தொடங்கியதும் சீனி வருத்தத்துக்கான குளிசையை நிறுத்திவிட்டார். தயவுசெய்து, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களும், பிரஷருக்கு நடோலோல் எடுப்பவர்களும் எவ்வளவு குடிக்கிறோம் என்பதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். கிறீன் ரீ அந்த மருந்துகளின் வேலையைக் குறைக்கக்கூடும்.

சரி, அப்போ நல்லதே இல்லையா? இருக்கலாம். யப்பானின் மியாகி பகுதியில் 40,530 பேரை வருடக்கணக்கில் கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், நிறையக் கிறீன் ரீ குடித்தவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணம் குறைவாக இருந்தது. புற்றுநோய் மரணத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதிலும், குடித்ததால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த மனிதர்களின் சாப்பாடும் வாழ்க்கையும் சேர்ந்தே இருக்கின்றன. ருசி பிடித்தால் ஆசையாகக் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொஞ்சம் ஆறிய சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டால் கசப்பும் குறையும்.

அக்கா இப்பவும் பிளாஸ்க் கொண்டுதான் நடக்கிறார், நான் தடுக்கவில்லை. காலைச் சாப்பாட்டோடும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் மட்டும் கோப்பையை எடுப்பதில்லை. குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குகிறார். நேற்றுக் கடற்கரையில் கூட நடக்கும் மூன்று பேரையும் மறித்து வைத்து, "உங்கட இரத்தம் எவ்வளவு, எப்ப பார்த்தனீங்க?" என்று அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை நான்கு பேரும் ஒன்றாகச் சோதிக்கப் போகிறார்கள்.