லேசிக் லேசர் கண்ணைச் சுட்டுப் பொசுக்குமா?

“லேசிக் லேசர் கண்ணுக்குள் நெருப்பு மாதிரி பாய்ந்து விழித்திரையைப் பொசுக்கிவிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

லேசிக் என்பது கண்ணாடி போடாமலே பார்க்க உதவும் லேசர் கண் சிகிச்சை. அதில் கருவிழியை (கண்ணின் முன்பக்கமுள்ள தெளிவான படலமான கார்னியாவை) செதுக்குவது எக்சைமர் லேசர். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். இது சுடுவதில்லை, திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கிறது. ஒவ்வொரு லேசர் துடிப்பும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான திசுவையே எடுக்கும். கருவிழியின் தடிமனோ சுமார் அரை மில்லிமீட்டர். கதிர் அதன் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கண்ணின் பின்பக்கமுள்ள விழித்திரைவரை போகவே வழியில்லை.

1981-இல் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம்மின் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் இந்த லேசரைச் செலுத்திப் பார்த்தார்கள். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டு விழுந்தது. அந்தச் சோதனையைச் செய்தவர்களில் ஒருவரான விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசன் சென்னையில் பிறந்தவர், நமக்குப் பெருமைதான்.

சரி, பக்கவிளைவே கிடையாதா? உண்டு. கண் வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், அரிதாகப் பார்வைக் குறைவும்கூட வரலாம். எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது. இதையெல்லாம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இணையதளத்தின் லேசிக் பக்கத்தில் யாரும் படித்துப் பார்க்கலாம். உங்கள் கண்ணுக்கு ஒத்துவருமா என்பதைக் கண் மருத்துவரிடமே கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.