ஏற்கெனவே குறைத்த விலையில் இன்னும் என்ன பேரம்?

உழவர் சந்தைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் விலைப்பலகை இருக்கிறது. அன்றைய விலையைத் தினமும் காலையில் அதில் எழுதிவைக்கிறார்கள். எழுதுவது இங்கே காய் விற்கிற உழவர்களாகிய நாங்கள் இல்லை. மொத்தச் சந்தையில் என்ன விலை, வெளிக்கடைகளில் என்ன விலை என்று விசாரித்து, மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி சந்தை நிர்வாகம் முடிவு செய்கிற விலை அது. மண்டியில் கத்தரிக்காய் கிலோ 20 ரூபாய் என்றால் எங்களுக்கு 24 ரூபாய் கிடைக்கும். அதே காய் தெருமுனைக் கடையில் 28 ரூபாய். இடையில் நிற்பவரை விலக்கிவிட்டு, அவருக்குப் போகிற பணத்தில் பாதியை விளைவித்தவருக்கும் பாதியை வாங்குகிறவருக்கும் கொடுப்பதுதான் ஏற்பாடு. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதே இதற்காகத்தான்.

அந்தப் பலகையின் கீழேயே நின்றுகொண்டு, "இருபது ரூபாய் போட்டுக்கொள்" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் பங்கு நான்கு ரூபாய் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டது. இப்போது நீங்கள் கேட்பது என் பங்கை. இருபது ரூபாய்க்குக் கொடுப்பதென்றால் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு, கமிஷன் போக மீதியை வாங்கிக்கொண்டு விடிவதற்குள் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பேனே. முதல் பஸ்ஸில் கூடையை ஏற்றி, உழவர் அட்டையைக் காட்டித் தராசு வாங்கி, வெயில் ஏறும்வரை ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

ஒன்பது மணிக்கு மேல் பை தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கீரையும் வெண்டையும் மறுநாளைக்குத் தாங்காது, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக எங்களுக்கு மனம் வராது என்பதைக் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். கூடையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் விலை கேட்பார்கள். பணம் இல்லாதவர்கள் கேட்டால் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டு வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் கையில் உள்ள சில்லறையை எண்ணிக் காட்டும்போது நானே ஒரு கை கூட அள்ளிப் போட்டிருக்கிறேன். நான் சொல்வது காரைச் சந்தை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு கட்டு முளைக்கீரைக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறவர்களை.

விலையில் குறைப்பது ஒரு வழி. காயைக் கெடுப்பது இன்னொரு வழி. வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், ஒரு பறிப்புத் தவறினால் முற்றிவிடும். அதன் சுணை பட்டால் விரல் இடுக்கெல்லாம் அரிக்கும், கையில் துணி சுற்றிக்கொண்டு குனிந்து குனிந்து பறிப்போம். பறித்ததை ஈரச் சாக்கு போட்டு மூடி, வாடாமல் கொண்டு வந்து பரப்பினால், வருகிறவர் முதல் வேலையாக முனையை ஒடிக்கிறார். ஒன்று, இரண்டு, ஐந்து. ஒடித்ததையாவது எடுத்துக்கொள்வாரா என்றால் இல்லை. அதைக் குவியலிலேயே போட்டுவிட்டு, ஒடிக்காத காயாகப் பொறுக்கித் தட்டில் வைப்பார். ஒடித்த இடம் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து, "நேற்றைய காயா?" என்று கேட்பார். அதிகாலையில் வந்த காயைப் பழைய காயாக்கியது யார்? சுரைக்காயின்மேல் வரிசையாக நகக்குறி. முருங்கைக்காயை முறுக்கி முறுக்கிப் பார்த்து, தோல் விட்டதும் வைத்துவிட்டுப் போகிறார்கள். இளசா முற்றலா என்று என்னைக் கேளுங்கள். விளைவித்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கும் இதே சந்தைக்குத்தான் வரவேண்டும், பொய் சொல்லி நான் எங்கே போய்விட முடியும்?

கத்தரிக்காய் விற்கிறவர்களின் பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். "மருந்து அடிக்காததுதானே?" என்று கேட்காதவர் இப்போது இல்லை. கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் அதே வாயால், "இதில் ஓட்டை இருக்கிறதே" என்று காயைத் தூக்கிப் போடுகிறார்கள். கத்தரிக்குக் காய்த்துளைப்பான் என்று ஒரு புழு உண்டு. முதலில் குருத்தைத் துளைக்கும், பிறகு காய்க்குள் போகும். வாடிய குருத்தைக் கிள்ளி அழிக்கிறோம், ஆண் பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறோம், வேப்பெண்ணெய் அடிக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் சில காயில் சொத்தை இருக்கத்தான் செய்யும். ஒரு துளைகூட இல்லாத பளபளப்பான காய்தான் வேண்டும் என்று எல்லோரும் அடம்பிடித்தால், விவசாயி மருந்துக்கடைக்குத்தான் ஓடுவார். எங்களை அங்கே விரட்டுவது நீங்கள். விரட்டிவிட்டு, இப்போதெல்லாம் காயே விஷம் என்று எங்கள் முகத்துக்கு நேரே பேசுகிறீர்கள்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது விவசாயிகள் கொள்ளை அடிப்பதாகப் பேசிக்கொண்டு போனவர்கள் உண்டு. அந்த மாதம் தக்காளி வைத்திருந்தவர்களே குறைவு என்பதை யாரும் யோசிக்கவில்லை. விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கே கட்டாமல் செடியோடு விட்ட நாட்களில் அவர்களில் ஒருவரும் வந்து, "நான்கு ரூபாய் கூட வைத்துக்கொள்" என்று சொல்லவில்லை.

சரி, வாங்க வருகிறவர்களை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. அவர்கள் பேரம் பேசக் கற்றுக்கொள்வதே வாசலுக்கு வெளியில்தான். சந்தைச் சுவரை ஒட்டித் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. மண்டியில் கழித்துப் போட்ட இரண்டாம் தரக் காயைக் குறைந்த விலைக்கு எடுத்து வந்து விற்கிறார்கள். அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள், அவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்த விலையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "வெளியே பதினெட்டுக்குக் கொடுக்கிறான், நீ இருபத்துநான்கு சொல்கிறாய்" என்கிறவர், அந்தக் காயையும் இந்தக் காயையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் உள்ளே நடக்கிறது. உழவர் அட்டை என்பது நிலத்தின் சிட்டா அடங்கலைப் பார்த்து, என்ன பயிர் இருக்கிறது என்று சரிபார்த்து, புகைப்படம் ஒட்டிக் கொடுக்கிற அட்டை. அந்த அட்டையோடு உட்கார்ந்திருக்கிற சிலரின் கடையில் பெரிய வெங்காயம், பீட்ரூட், கேரட், பீன்ஸ், சேனை எல்லாம் ஒரே நாளில் இருக்கின்றன. இந்தச் சமவெளியில், இந்த வெயிலில், இவை அத்தனையும் ஒன்றாக விளைகிற தோட்டம் எங்கே இருக்கிறது? மலைக்காய் விற்க முறையாக அனுமதி பெற்றவர்களை நான் சொல்லவில்லை. உறவினர் பெயரில் அட்டை வாங்கி, மண்டியில் சரக்கு எடுத்து வந்து விவசாயி என்று உட்காருகிற வியாபாரிகளைச் சொல்கிறேன். அவர்களால் விலையை இறக்க முடியும், ஏனென்றால் அவர்களுக்கு விதைச் செலவு இல்லை, பறிப்புக் கூலி இல்லை, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் வேலை இல்லை. பலகையைவிட மூன்று ரூபாய் குறைத்து அவர்கள் கூவினால், பக்கத்தில் இருக்கிற நானும் இறங்கத்தான் வேண்டும். சந்தை நிர்வாகத்திடம் புகார் சொன்னால், "எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம்" என்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் பெயர் மறுநாள் காலைக்குள் அந்த வியாபாரிக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு யார் எழுதுவார்கள்?

2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு இந்தச் சந்தைகள் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2006இல்தான் மீண்டும் உயிர் பெற்றன. உழவர் வராமல் போனால் சந்தை என்ன ஆகும் என்பதை அப்போது பார்த்தோம். இப்போது கதவு திறந்திருக்கிறது, கூரை இருக்கிறது, தராசு இருக்கிறது, உட்கார்ந்திருக்கிற உழவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். என் வரிசையில் கீரை விற்ற ஒரு பாட்டி வருவதை நிறுத்திவிட்டார். வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறாராம்.

அதிகாரிகளே, அட்டையைப் புதுப்பிக்கும்போது அலுவலகத்தில் உட்கார்ந்து முத்திரை குத்தாதீர்கள். வயலுக்கு வாருங்கள், நிற்கிற பயிரைப் பாருங்கள், அந்தப் பயிர் அவருடைய கூடையில் இருக்கிறதா என்று மறுநாள் சந்தையில் பாருங்கள். என் தோட்டத்துக்கு எந்த நேரத்திலும் வரலாம், முன்கூட்டியே சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.