பின்வரிசையில் அண்ணனும் இருந்தார்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தம்பி பேசிய வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பினார்கள், அதில் இரண்டு பேர் சிரிப்புப் பொம்மையும் சேர்த்து. "போருக்குப் போனது ஒரு முட்டாள் தலைமுறை, தோற்கப்போகிற சண்டைக்குள் எங்களையும் இழுத்துவிட்டார்கள்" என்றார். மண்டபத்தில் கை தட்டினார்கள். தட்டியவர்களில் என் வயதுக்காரர்களும் இருந்தார்கள், அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

போரை நியாயப்படுத்த நான் வரவில்லை. எப்படியும் யாரோ வந்து கீழே அப்படி எழுதத்தான் போகிறீர்கள், அதனால் முதலே சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். 2009 மே மாதம் என்ன நடந்தது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு 1985இல் இயக்கத்துக்குப் புறப்பட்டவனை எடைபோடலாமா? தோற்கப்போகிற சண்டை என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு யார் சொன்னது?

மழைக்காலத்தில் வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய, முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. வெட்டினால் மீன்காரர் ஏசுவார்கள், வெட்டாவிட்டால் வயல்காரர் ஏசுவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு தேத்தண்ணிக் கடையில் இருக்கிற அத்தனை பேரும் பொறியியலாளர்கள்தான். "ரெண்டு நாள் முந்தி வெட்டியிருக்கணும்" என்பார்கள். முடிவெடுக்கிற நேரத்தில் அங்கே நின்றவனுக்கு நாளைக்கு மழை விடுமா, கொட்டுமா என்று தெரியாது.

சரி, 1985இல் அவனுக்கு என்னதான் தெரியும்? 1956இல், எங்களில் ஒருவன் கையிலும் துவக்கு இல்லாத காலத்தில், கல்லோயாவில் தமிழர்களைக் கொன்றது தெரியும். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் எங்கள் செல்வநாயகமும் எழுதிய பண்டா-செல்வா ஒப்பந்தம் அடுத்த வருடமே கிழிந்தது தெரியும். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 கைதிகளைக் கொன்றது தெரியும். அதில் தப்பியவர்களை எங்கள் மட்டக்களப்புச் சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். செப்டம்பரில் அவர்கள் சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். எனக்கு 9 வயது. இது எங்கே போய் முடியுமோ என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. அம்மாகூடச் சிரித்தா.

பிறகு படையினரின் அந்தச் சுற்றிவளைப்பு. விடியற்காலையில், சாரத்தோடு நின்றவர்களை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோய் முழங்காலில் இருத்தினார்கள். தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கிற, சாக்கு மூடிய தலையாட்டி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று வந்தான். அண்ணனைத் தாண்டிப் போனான். பக்கத்தில் இருந்தது அண்ணனோடு ஒரே வாங்கில் படித்த பொடியன். அவனுக்கு முன்னால் சாக்கு ஆடியது. அவன் திரும்பி வரவேயில்லை. அவனுடைய சைக்கிள் எங்கள் கிணற்றடியில் சாத்திக் கிடந்தது, பின் டயரில் காற்று இல்லை. அண்ணன் ஒட்டுப்போட்டு, காற்றடித்து, அதை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாலாம் நாள் மண்முனையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவிக்கு அந்தப்பக்கம் படுவான்கரைக்குப் போய்விட்டார். இப்போது அங்கே பாலம் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

"அப்படியென்றால் எதையுமே விமர்சிக்கக் கூடாதா?" தாராளமாக விமர்சியுங்கள். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் 2 பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல். அது பிழை என்று சொல்ல 2009 வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை, அன்றிரவே பிழை. சண்டைக்குப் போன முடிவு ஒன்று, போன பிறகு துவக்கை எங்கே நீட்டினாய் என்பது இன்னொன்று. வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று படலையில் வந்து நின்றதும் அப்படித்தான். 15 வயதுப் பிள்ளையின் தாய்க்கு அது பிழை என்று அந்தப் படலையிலேயே தெரியும். இராணுவம் தமிழர்களைக் கொன்ற சத்துருக்கொண்டானை ஏன் எழுதவில்லை என்று கேட்கப் போகிறவருக்கு: 1990 செப்டம்பர் 9, மறக்கவில்லை. அதைக் காட்டி இதைக் கழிக்க நான் தயாரில்லை, அவ்வளவுதான். 2004 ஏப்ரலில் வெருகலில் புலிகளுக்குள்ளேயே நடந்த சண்டையைப் பற்றி எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

"எத்தனையோ பேர் போகவில்லையே, வேறு வழி இருந்ததுதானே?" இருந்தது. அவர்களில் சிலர் இன்று ரொறன்ரோவில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து போனவர்களுக்கு மார்க் போடுகிறார்கள். இது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

அண்ணன் 1987க்குப் பிறகு விலகி வந்தவர். இடது கையில் மூன்று விரல்தான். ஞாயிற்றுக்கிழமை அவரும் மண்டபத்தில்தான் இருந்தார், கடைசி வரிசையில். வரும் வழியில் பாண் வாங்க நிறுத்தினோம். எனக்குப் பொறுக்கவில்லை, நேராகவே கேட்டேன், "நீங்க போனது பிழையா அண்ணன்?"

பாணைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார், "தெரிஞ்சிருந்தாப் போயிருக்க மாட்டன் தம்பி."

உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பார், அவனுடைய அண்ணனே சொல்லிவிட்டார் என்று பகிராதீர்கள். அவர் சொல்லலாம். கை தட்டியவர்கள் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை, இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அந்தத் தம்பியின் பெயரைப் போட்டுக் கீழே ஏசுகிறவர்களை நீக்கிவிடுவேன்.