ஓவியத்தை ஊறுகாய் ஆக்காதீர்கள்

"படம் பாக்கப் போனியா, குடிக்கப் போனியா?" என்று, ஓவியப் பேச்சு ஒன்றில் எடுத்து நேற்று நான் போட்ட போட்டோவுக்குக் கீழே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டுக்கும்தான் போனேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? மெல்பர்னிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் யாரா பள்ளத்தாக்கு. 1838லேயே திராட்சை நட்ட இடம். அங்கே ஒரு தோட்டத்தில் மாலையில் ஓவிய வரலாற்றுப் பேச்சு, டிக்கெட்டோடு ஒயினும் உண்டு. (வண்டி எடுக்க வேண்டியவன் என்பதால் எனக்கு ஒரு கோப்பையோடு சரி. இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் தாண்டினால் போலீஸ் விடாது.)

கலை என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் பார்க்க வேண்டும் என்று நமக்கு எப்படியோ பதிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கேலி. ஆனால் வெனிசில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்துத் துறவிகள் ஓவியர் பாவ்லோ வெரொனேசேயிடம் படம் கேட்டதே சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான். 1563இல் அவர் முடித்துக் கொடுத்த 'கானாவூர் கல்யாணம்' ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம். கீழே துறவிகள் பந்தி, சுவரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பந்தி. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கதை. அவர் நடுவில்தான் இருக்கிறார், விருந்தில் பாதிப் பேருக்கு அந்த அற்புதம் கண்ணிலேயே படவில்லை. வலப்பக்கம் ஒருத்தன் பெரிய ஜாடியைச் சாய்த்து ஊற்றுகிறான். அவனுக்குப் பக்கத்தில், பூவேலை செய்த வெள்ளைப் பட்டு உடுத்திய ஒருவர் கோப்பையை உயர்த்தி உள்ளே பார்க்கிறார். இந்த இடம் திரையில் வந்தபோது எங்கள் மேசையில் இரண்டு பேர் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினை அச்சு அசல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

1797இல் நெப்போலியன் படை அதைச் சுவரிலிருந்து இறக்கி பாரிசுக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே லூவர் அருங்காட்சியகத்தில், மோனாலிசாவுக்கு நேர் எதிரே. கூட்டம் மொத்தமும் மோனாலிசாவை நோக்கி போனை நீட்டிக்கொண்டு நிற்கும், கல்யாண வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி. எது மரியாதைக் குறைவு என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ. 1590களின் கடைசியில் அவர் வரைந்த பாக்கஸ், ஃபிளாரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருப்பது. மதுக் கடவுள் என்று பெயர்தான், பார்த்தால் தெருவிலிருந்து கூட்டி வந்து போர்வை சுற்றி உட்கார வைத்த பையன் மாதிரி இருக்கிறான். நகக்கண்ணில் அழுக்கு. தட்டில் அழுகத் தொடங்கிய பழங்கள். இடது கையில் நம்மை நோக்கி நீட்டும் கோப்பையில், ஒயின் மேல் வளையம் வளையமாகச் சிற்றலை. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மா, "அவன் கை நடுங்குதா?" என்று சத்தமாகவே கேட்டார். பேச்சாளர் வைத்திருந்த குறிப்பை மடித்துவிட்டு, அதற்கு மட்டும் பத்து நிமிடம் பதில் சொன்னார். அன்றைக்குக் கேட்டதில் சிறந்த பகுதி அதுதான். பல்கலைக்கழக அரங்கில் அந்தக் கேள்வி வந்திருக்காது, வந்தாலும் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஒரு கோப்பை உள்ளே போனால் கூச்சம் போகிறது. இந்த மாதிரி மாலைகளை நான் ஆதரிப்பது இதற்காகத்தான்.

ஆனால் நடத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பாட்டியம்மாவின் கேள்வி சூடுபிடித்த நேரத்தில் தோட்டத்துக்காரர் மைக்கை வாங்கி, அடுத்த கோப்பை ஷிராஸ் (இதுவும் சிவப்பு ஒயின்), நாவல்பழ வாசனை, ஆறு பாட்டில் எடுத்தால் தள்ளுபடி என்று ஆரம்பித்தார். ஒரு தடவை என்றால் பரவாயில்லை, அடுத்த படத்துக்கும் அதே கதை. இப்படி நேரம் போனதில் வான்கோவின் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' இரண்டே நிமிடத்தில் ஓடிவிட்டது. 1888இல் பிரான்சின் ஆர்ல் ஊரில் வரைந்தது, 1890இல் பிரசல்சில் ஆன்னா போக் என்ற ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார், முடிந்தது. படம் முழுக்கக் குனிந்து பழம் பறிக்கும் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்காக வலை போர்த்திய கொடிகள் வரிசையாகத் தெரிந்தன. இந்த நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் பசிபிக் தீவுகளிலிருந்து சீசனுக்கு வருகிறவர்கள்தான் பறிக்கிறார்கள். அதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடமும் படமும் கிடைக்குமா? ஆனால் அதைப் பேசினால் ஷிராஸ் விற்காதே.

ஒயினோடு படம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படத்தை ஒயினுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக்குவதுதான் பிடிக்கவில்லை. விற்பனையைப் பேச்சு முடிந்தபிறகு வைத்துக்கொள்ளட்டும், நானே இரண்டு பாட்டில் வாங்குவேன்.

அடுத்த முறை பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்' என்கிறார்கள், பாரிஸ் கேளிக்கை அரங்கு ஒன்றின் மதுக்கூடம் அது. கவுன்டருக்குப் பின்னால் வெறித்த பார்வையோடு நிற்கிறாளே, அவள் நிஜமாகவே அங்கே வேலை பார்த்த பெண். கண்ணாடியில் அவள் பிம்பம் ஏன் இப்படித் தள்ளிப்போய் விழுகிறது என்று பேசினால் முதல் வரிசையில் உட்காருவேன். முன்னால் இருக்கும் ஷாம்பெயின் பாட்டிலைக் காட்டித் தள்ளுபடி சொன்னால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன்.