கதிரையில் குவிந்த உடுப்புகள்

ஞாயிறு காலையில் வீட்டை ஒதுக்கி முடித்தால்தான் மனம் அமைதியடையும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, மடிக்காத உடுப்புகள் குவிந்து கிடக்கும் கதிரையின் ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்தபடிதான் வாசித்தேன். திருகோணமலையில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், காலையில் கூட்டிய விறாந்தையில் மதியத்துக்குள் புழுதி படிந்துவிடுகிறது. கடலில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளின் காலோடு வரும் மணல் தனிக் கணக்கு. நாட்டு நடப்பைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் எழுதப் புகுந்தால் என் தேநீர் ஆறிவிடும்.

உதைபந்தாட்டம் ஆளை மெய்மறக்கச் செய்துவிடும் என்று அவர் சொன்னதை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், இரண்டு கோல்களால் முன்னிலையில் இருந்த ஆர்ஜென்டினாவை பிரான்சின் எம்பாப்பே 80ஆம், 81ஆம் நிமிடங்களில் சமநிலைக்கு இழுத்தபோது, என் மடியிலிருந்த கச்சான் கோது (இது காற்றல்ல, கடலை) முழுவதும் கூடமெங்கும் சிதறியது. அதைக் கூட்டி அள்ள மூன்று நாட்கள் சென்றன. வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை.